கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த படம்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் அலமாரியின் இரண்டாம் தட்டில், அத்தையின் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில், கறுப்பு பிளாஸ்டிக் சட்டமிட்ட த்ரீடி கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு கால் சற்று வளைந்திருக்கும். கைப்பைக்குள் அதன்மேல் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கியதால் வந்த வளைவு. படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அத்தை போடவில்லை. வீட்டுக்கு வந்து பழங்களை வெளியே எடுத்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். "குடு, வேணாங்கல. ஆனா அதப் போட்டுப் பாத்தவன் ஒருத்தனுக்கும் அந்தப் படம் வெளங்கியிருக்காது லா," என்றார். மறுநாள் நான் கேட்டபோது அது அலமாரிக்குள் போயிருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பிறப்பால் சீனப் பெண். தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். மலாயாவில் காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்ட அவசரகாலத்தில், காட்டோரத்துச் சீனக் குடும்பங்களை முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றினார்கள். ஈப்போவுக்கு வடக்கே அப்படிப்பட்ட ஒரு கிராமத்தை ஒட்டித்தான் தாத்தா பால் வெட்டிய ரப்பர் தோட்டம் இருந்தது. தாத்தாவுக்கு வரிசையாக ஆண் பிள்ளைகள். வீட்டில் ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பெண் பிள்ளைகள் அதிகமாகவும் அரிசி குறைவாகவும் இருந்தன. நடை பழகிக்கொண்டிருந்த ஒரு குழந்தை இந்தப் பக்கம் வந்தது. பெயர் வைத்து, காது குத்தி, மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டு வளர்த்தார்கள். தோட்டங்களில் இது புதுமை இல்லை. பேராக் மாநிலம் முழுக்க இப்படி வளர்ந்த பெண்கள் உண்டு. சிலர் தேவாலயங்களில் பாடுகிறார்கள், சிலர் தீ மிதிக்கிறார்கள். அத்தை பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பார். சீனத்தில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

ஆனால் முகம் முகம்தானே. சந்தையில் மீன்காரர் அவரிடம் கேன்டனீஸில் பேசுவார். அத்தை சந்தைப் பேச்சான பாசார் மலாயில் பதில் சொல்வார். மீன்காரர் அவருடைய புடவையையும் பொட்டையும் அப்போதுதான் பார்ப்பார். நம் ஆட்களுடைய தவறு வேறு விதம். பேருந்தில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "சீனத்திக்குச் சேலை நல்லாத்தான் இருக்கு, பாரேன்," என்பார்கள். அத்தை திரும்பாமலே, "கட்டியிருக்கிறது சேலையத்தான், காத இல்ல," என்பார். பேருந்திலிருந்து இறங்கும் வரைக்கும் அந்த இருக்கையில் சத்தம் வராது. இதைச் சொல்லிச் சிரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தையும் சிரிப்பார். கணவர் இறந்து, பிள்ளைகள் இல்லாமல், எங்களோடு வந்து தங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு குறையவில்லை. அதனால்தானோ என்னவோ, அவருக்குள் ஒரு கேள்வி கிடக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவருடைய அக்கா எங்களைத் தேடி வந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அந்த அம்மாளுக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடக்க இருந்தது. அதற்கு முன்னால், தமிழர் வீட்டுக்குப் போன தங்கை ஒருத்தி உனக்குச் சின்னம்மா முறையில் இருக்கிறாள் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் ஈப்போவில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். தேடுவதற்கு அவருக்கு ஒரே நாள்தான் ஆனது. புந்தோங்கில் ஒரு பூக்கடையில் நின்று, புடவை கட்டிய சீனப் பாட்டி யாராவது உண்டா என்று மலாயில் கேட்டார். பூக்கடைக்காரப் பெண் அவரைக் கையோடு எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார். முறைப்படி பார்த்தால் அவர் எனக்கு மச்சான். அந்தச் சொல்லை அவருக்கு விளக்கினேன். அன்றிலிருந்து கைப்பேசியில் "ஹலோ மச்சான்" என்றுதான் ஆரம்பிக்கிறார். அவருடைய தாயாரை நான் பெரியத்தை என்று கூப்பிட்டேன். அத்தை மட்டும் "அந்தம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் சந்திப்பு ஒரு கோப்பிக்கடையில் நடந்தது. இரண்டாவது எங்கள் வீட்டில். பெரியத்தை பிஸ்கட் டின்னும் பழமும் கொண்டுவந்தார். அத்தை கோழிக்கறி சமைத்திருந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசும் மலாய் ஒன்றுதான். "சுடா மாக்கான்?" என்று ஒருவர் கேட்பார், சாப்பிட்டாயா என்று பொருள். "சுடா," என்று மற்றவர் சொல்வார். பிறகு முட்டி வலி. பிறகு மீன் விலை. மழை. மறுபடி முட்டி. மச்சானும் நானும் மொழிபெயர்க்கத் தயாராகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு வேலையே வரவில்லை. பெரியத்தை காரில் ஏறிப் போனதும் அத்தை தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "எங்கம்மாக்காரி இவள வச்சிக்கிட்டு என்ன ஏன் குடுத்தா? அத ஒண்ணத்தான் கேக்கணும். அந்த மலாயில எப்படிரா கேக்கறது?"

மச்சானிடம் சொன்னால் கேட்டுச் சொல்வாரே என்றேன்.

"அது பையன வச்சிக் கேக்கற கேள்வியாடா? இன்னொரு தடவ பாப்பேன். அப்பவும் முட்டியும் மீனுந்தான்னா, போதும். நான் உங்க வீட்டுப் பொண்ணாவே இருந்துட்டுப் போறேன்."

சொன்னால் செய்கிறவர். தாத்தாவின் கருமாதியில் வாய்த்தகராறு செய்த ஓர் உறவினரிடம் அதற்குப் பிறகு கடைசிவரை பேசாமலே இருந்தவர்.

அடுத்து வந்தது சீனப் புத்தாண்டு. எது எந்த நாளில் நடந்தது என்பதில் எங்கள் வீட்டில் தகராறு வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். ஆகவே இதைச் சரியாகச் சொல்கிறேன். பெரியத்தை எங்களை அழைத்தது புத்தாண்டின் இரண்டாம் நாளுக்கு. கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீட்டுக்கு வரும் நாள் அது. மச்சான் அதை விளக்கியதும் அத்தையின் முகம் இறுகிவிட்டது. "எது எனக்குத் தாய்வீடு? போறதுன்னா சும்மா ஒரு நாளு போலாம். அன்னிக்கு மாட்டேன்," என்றார். மச்சான் அதற்கு அடுத்த நாளைச் சொன்னார். மூன்றாம் நாளில் சீனர்கள் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள்; போனால் வாய்ச்சண்டை வரும் என்று நம்பிக்கை. "வீடு வேணாம். படத்துக்குப் போலாம். அங்க பேச வேணாம், சண்டையும் வராது," என்று அவருக்கே உரிய கலப்பு மொழியில் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பேச மொழி இல்லாத இரண்டு பேர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க உலகத்தில் அதைவிட நல்ல இடம் ஏது?

அந்தப் புத்தாண்டுக்கு வந்திருந்தது சீனாவில் எடுத்த பெரிய விண்வெளிப் படம். விளம்பரத் தட்டி மாலின் இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கியது. மதியக் காட்சி. சிவப்புச் சட்டை போட்ட குடும்பங்கள் சோளப்பொரி வாளிகளோடு வரிசையில் நின்றன. அத்தை பச்சைப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். பெரியத்தை சிவப்புப் பூப்போட்ட சட்டையில், கைத்தடியோடு. இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி, ஒரே மோவாய். நுழைவாயிலில் கண்ணாடி கொடுத்த இளைஞன் அத்தையிடம் மாண்டரினில் நீளமாக ஏதோ விளக்கினான். அத்தை முடியும்வரை கேட்டுவிட்டு, "சரிப்பா," என்றார்.

மச்சான் ஒரு கணக்குப் போட்டிருந்தார். படம் சீனப் படம். ஆகவே அவர் அம்மாவுக்குப் புரியும். அத்தைக்குக் கீழே ஓடும் மலாய் வரிகளைப் படித்து நான் தமிழில் சொல்லிவிடலாம். படம் தொடங்கியதும் அந்தக் கணக்கு தப்பியது. படம் பேசியது மாண்டரின். பெரியத்தை கேன்டனீஸ் மட்டுமே பேசி வளர்ந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். நாடகத் தொடர்களில் கேட்ட ஒன்றிரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவருக்கும் ஒன்றும் எட்டவில்லை. வரிசையின் இந்த ஓரத்தில் நான் அத்தையின் காதில் தமிழில் ஓதினேன். அந்த ஓரத்தில் மச்சான் தன் அம்மாவின் காதில் கேன்டனீஸில் ஓதினார். நடுவில் இரண்டு கிழவிகளும் கோயிலில் மந்திரம் கேட்கிற மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

கதை சிக்கலில்லாதது. பூமி பாழாகிவிடுகிறது. ஊர் அளவுக்குப் பெரிய கப்பல் ஒன்று மிச்ச மக்களை ஏற்றிக்கொண்டு வேறு நட்சத்திரத்துக்குப் போகிறது. கப்பலின் தலைவி ஒரு பெண். அவளுக்கு ஒரே ஒரு மகள். வழியில் உணவு தீர்ந்துபோகிறது. "இவ்ளோ பெரிய கப்பல்ல ஒரு சாமி படம் இல்லியேடா," என்றார் அத்தை. காற்சட்டை போட்ட தலைவி எடையில்லாமல் மிதந்து போனபோது, "நல்லவேள, குழாய் போட்டிருக்கா. சேல கட்டியிருந்தா மானம் போயிருக்கும்," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கிண்டல் செய்கிற அத்தை, கோபத்தில் இல்லாத அத்தை.

அரை மணி போனபின் அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை சுற்றுகிறதாம். பெரியத்தை அதற்கு முன்பே கழற்றியிருந்தார்; பவர் அதிகமான அவருடைய மூக்குக்கண்ணாடிமேல் அது நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. கழற்றினால் படம் கலங்கலாகத் தெரியுமே என்றேன். "பரவால்ல. எனக்கென்ன பரீட்சையா வைக்கப் போறான்," என்றார் அத்தை. கலங்கலில் எழுத்தும் தெரியாது, ஓதிச் சொல்வதற்கும் அவர் இப்போது காது கொடுக்கவில்லை. நான் படத்தில் மூழ்கிவிட்டேன்.

பக்கத்தில் போகும் இன்னொரு கப்பலில் உணவு இருக்கிறது. அதன் மக்கள் வேற்று மொழி பேசுகிறவர்கள். ஒரே ஒரு குழந்தையை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். தலைவி தன் மகளைக் குடுவை மாதிரியான ஓர் ஓடத்தில் வைத்து அனுப்புகிறாள். ஓடத்தின் கண்ணாடி வழியாகச் சிறுமியின் முகம் திரையைவிட்டு வெளியே நீண்டு, எங்கள் மடிமேல் வந்து நிற்பது போல மிதந்தது. கொட்டகை முழுக்க ஒரு மூச்சிழுப்பு. பிறகு மெல்லப் பின்வாங்கித் திரைக்குள் போயிற்று.

அத்தை முன்னால் சாய்ந்தார். என்னைக் கேட்கவில்லை. இடப்பக்கம் திரும்பி, பெரியத்தையிடம் நேராகக் கேட்டார். "மானா சத்து லாகி?"

இன்னொன்று எங்கே?

எனக்கு விளங்கவில்லை. படத்தில் இருந்தது ஒரே சிறுமி. அப்படியிருக்க, இன்னொன்று எது? மச்சானும் திகைத்து எட்டிப் பார்த்தார். ஆனால் பெரியத்தை திகைக்கவில்லை. அதே கேள்விக்காகக் காத்திருந்தவர் போலத் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "சுடா பெர்கி. தெம்பாட் அடா நாசி." போய்விட்டது. சோறு இருக்கிற இடத்துக்கு.

அதன் பிறகு அவர்கள் பேசியது எல்லாமே அந்தச் சந்தை மலாய்தான். நாலைந்து வார்த்தைக்கு மேல் நீளாத வாக்கியங்கள். தமிழில் தருகிறேன்.

"அம்மா அழலியா?" என்று கேட்டார் அத்தை.

"அம்மா நடப்பாங்க. வேலிகிட்டப் போவாங்க. பாப்பாங்க. திரும்பி வருவாங்க. தெனமும்."

திரையில் நட்சத்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. விண்வெளியில் ஏது வேலி? மச்சானும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அத்தை பெரியத்தையின் பக்கம் இன்னும் சாய்ந்தார். பிறகு அதைக் கேட்டார். அந்த மலாயில் கேட்கவே முடியாது என்று அவர் சொல்லியிருந்த கேள்வி இரண்டே வார்த்தையில் முடிந்துவிட்டது. "ஏன் நானு?"

"நான் அப்பவே பெரிசு. பெரிய பிள்ளைய யாரும் கேக்கல," என்றார் பெரியத்தை. "நானும் போறேன்னு அழுதேன். ஒன்னத் தூக்கிட்டுப் போறப்ப வேலி வரைக்கும் ஓடி வந்தேன். அங்க சோறு இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ போயிட்டே. நான் இருந்துட்டேன்."

முன்வரிசைக்காரர் மூன்றாம் முறையாகத் திரும்பி "ஷ்ஷ்" என்றார். அத்தை அவரைப் பார்த்துத் தமிழில், "திரும்புய்யா. ஒனக்குத்தான் கண்ணாடி இருக்குல்ல, படத்தப் பாரு," என்றார். பெரியத்தைக்கு அது எப்படிப் புரிந்ததோ, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. பேருந்தில் பின் இருக்கையை அடக்கிவிட்டு அத்தை சிரிப்பது. அத்தை தம் பையைத் திறந்து, கொட்டகைக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் ஒன்றை வைத்தார். பெரியத்தை பல்லில்லாத பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் வைத்துக் கடித்த சத்தம், இரண்டு கப்பல்கள் வெடிக்கும் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.

படத்தின் முடிவில் அந்தச் சிறுமி மறுபடி வந்தாள். ஓடம் மீண்டும் எங்களை நோக்கி மிதந்து வந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றி, என் கண்ணாடியைக் கழற்றினேன். இவ்வகைப் படங்களில் திரைமேல் விழுவது இரண்டு படங்கள். கண்ணாடிதான் அவற்றை ஒன்றாக்குகிறது. நம்மை நோக்கி வரும் பொருள்கள் விலகி விலகித் தெரியும். திரைக்குத் திரும்பும்போது ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். இதைப் படித்து அறிந்திருந்தேன், பார்த்ததில்லை. வெறுங்கண்ணில் இரண்டு சிறுமிகள் தெரிந்தார்கள். ஒருத்தியின் தோள் மற்றவளின் தோளில் ஒட்டியிருந்தது. ஒரே நெற்றி, ஒரே மோவாய். ஓடம் பின்வாங்கியபோது ஒருத்தி மட்டும் இருந்தாள்.

மச்சானுக்கு இதை வாகன நிறுத்துமிடத்தில் சொன்னேன். அவர் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லாத, மச்சான். படத்துல ஒண்ணுதான்னு சொல்லாத," என்றார். நான் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி, காரில் சாய்ந்தபடி இரண்டு பேரும் பழங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இவர் கொடுத்ததை அவர் பாதி திருப்பிக் கொடுக்க, அவர் கொடுத்ததை இவர் பாதி திருப்பிக் கொடுக்க, யார் பழம் யாரிடம் என்று தெரியாமல் போனது. அத்தை என்னைப் பார்த்து, "அக்காவுக்கு முட்டி வலி. அந்தப் பையனப் பாத்து ஓட்டச் சொல்லு," என்றார். அந்தம்மா என்ற சொல்லை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

மறுவருடம் இரண்டாம் நாளில், கட்டிக்கொடுத்த மற்ற பெண்களைப் போலவே, அத்தை போனார். முறுக்கு டின், வாழைப்பழச் சீப்பு, புதுப்புடவை. அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னிடம் மெதுவாக, "வலது காலா, எடது காலாடா?" என்று கேட்டார். தாய்வீட்டுக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. அதன் பிறகு தொற்றுக் காலம் தவிர ஓர் ஆண்டும் தவறியதில்லை. போனபோதெல்லாம் பேசியது முட்டி வலியும் மீன் விலையும்தான். "என்னாத்தப் பேசறதுன்னு இருக்கா? பேசிக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான்," என்பார் அத்தை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அத்தை இறந்தார். பெரியத்தை சக்கர நாற்காலியில் வந்து, நாங்கள் செய்ததைப் பார்த்துப் பார்த்து, வாய்க்கரிசி போட்டார். கையில் எடுத்த அரிசியைச் சிறிது நேரம் போடாமல் வைத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இந்த ஆண்டு இரண்டாம் நாளில் வழக்கம் மாறியது. நடக்க முடியாத பெரியத்தையை மச்சான் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தொலைக்காட்சியில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. போடச் சொன்னேன். இப்போது அது தட்டையான படம், கண்ணாடி தேவையில்லை. முப்பரிமாணப் படங்களே ஈப்போவுக்கு அபூர்வமாகத்தான் வருகின்றன. எழுத்துகள் கூர்மையாகத் தெரிந்தன, ஒலி சுத்தமாக இருந்தது. நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, வளைந்த கால் உள்ள அந்தக் கண்ணாடியை எடுத்து வந்து பெரியத்தையின் கையில் கொடுத்தேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. போட்டுக்கொள்ளவும் இல்லை. மடியில் வைத்து, வளைந்த காலைக் கட்டைவிரலால் நிமிர்த்திக்கொண்டே பார்த்தார்.

ஓடம் கப்பலைவிட்டுப் பிரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிறுமி, ஒரே ஒருத்தி, கூடத்துச் சுவரில் மிதந்து வந்தாள்.

"மானா சத்து லாகி?" என்றார் பெரியத்தை.

மச்சான் அவரிடம் ஏதோ விளக்கப் போனார். பெரியத்தை கையை உயர்த்தி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சுடா பெர்கி, பெரியத்தை," என்றேன்.

அவர் கண்ணாடியின் இரண்டு கால்களையும் மடக்கினார்.

"அடா நாசி?" சோறு இருக்கா?

"அடா," என்றேன். இருக்கு.